40,000 ரூபாய்க்குள் ட்யூப் ஆம்ப்: 5 வாட்டா, 15 வாட்டா?

கோவை_ஆறுகம்பி

அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகளாக எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். ஒற்றைச் சுருள் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) மூன்று வைத்த சாதாரண ஸ்ட்ராட் வகைக் கிட்டார். கல்லூரிக் காலத்தில் வாங்கிய 10 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப் இன்னும் ஓடுகிறது. ஓடுகிறது என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

போன மாதம் நண்பன் வீட்டில் ஒரு ட்யூப் ஆம்ப்பில் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய், அதாவது வால்வு, வைத்து ஒலியைப் பெருக்குவது) பத்து நிமிடம் வாசித்தேன். மெதுவாக மீட்டினால் தெளிவாக இருக்கிறது, அழுத்தி மீட்டினால் அதே ஒலி கரகரத்து எழுகிறது. பெடலை மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை.

கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. ப்ளூஸும் எழுபதுகளின் ராக்கும் வாசிப்பேன். மாதம் ஒரு ஞாயிறு டிரம்ஸ் வாசிக்கும் நண்பனோடு அவன் வீட்டு மாடி அறையில் கூடுவோம். கடைக்காரர், “5 வாட் எல்லாம் பொம்மை, 40 வாட்டுக்குக் குறைந்து வாங்காதீர்கள்” என்கிறார். அவர் சொல்வது சரியா?

நள்ளிரவு_ரிஃப்

அண்ணா, மூன்றாவது மாடியில் ட்யூப் ஆம்ப் வாங்குவது கிணற்றுக்குள் பட்டம் விடுவதற்குச் சமம். பாஸ் கட்டானா போன்ற டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒன்றை வாங்குங்கள். 50 வாட் மாடலிலேயே அரை வாட்டுக்குக் குறைக்கும் வசதி இருக்கிறது, ஹெட்ஃபோன் துளை இருக்கிறது, விதவிதமான ஆம்ப்களின் ஒலி உள்ளேயே இருக்கிறது. மிச்சப் பணத்துக்கு நல்ல பிக்கப் போடுங்கள்.

வால்வுதாத்தா

தம்பி கேட்டது ட்யூப் ஆம்ப். பசிக்கிறது என்று வந்தவனிடம் உண்ணாவிரதத்தின் பெருமையைப் பேசக் கூடாது.

முதலில் அந்தக் கடைக்காரர் கணக்கைப் பார்ப்போம். வாட் இரட்டிப்பானால் ஒலி இரட்டிப்பாகாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று தோன்றச் சுமார் 10 டெசிபல் வேண்டும், அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். 50 வாட் ஆம்ப் 5 வாட் ஆம்ப்பைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்குதான் சத்தமாகக் கேட்கும். 15 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு ஐந்து டெசிபல் கூட இல்லை.

அடுத்தது, உங்கள் தூக்கத்தைக் கெடுத்த அந்தக் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்பது. வால்வைத் திணறும் அளவுக்கு வேலை வாங்கும்போது அது வருகிறது. 40 வாட் ஆம்ப்பை மூன்றாவது மாடியில் திணறடிக்க முடியாது. அதற்கு முன் காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்துவிடும். வால்யூமை ஒன்றில் வைத்தே காலம் கழியும். மாஸ்டர் வால்யூம் இருந்தால் முன் வரிசை வால்வை (கிட்டாரின் சிறு ஒலியை முதலில் பெருக்குவது) மட்டும் திணற வைக்கலாம். அதுவும் நல்ல ஒலிதான், ஆனால் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வும் சேர்ந்து திணறுவது வேறு சங்கதி.

ஒரே ஒரு பவர் வால்வு கொண்ட 5 வாட் ஆம்ப் பழைய ஃபெண்டர் சேம்ப்பின் வழி வந்தது. ஐம்பதுகளின் 5எஃப்1 சேம்ப்பைத் திறந்தால் மூன்று வால்வு: முன் வரிசைக்கு ஒரு 12ஏஎக்ஸ்7, பவருக்கு ஒரு 6வி6, ஏசியை டிசியாக்க ஒரு 5ஒய்3. பிறகு ஒரு 8 அங்குல ஸ்பீக்கர், அவ்வளவுதான். வெளியே ஒரே ஒரு வால்யூம் திருகு. பயிற்சிக்கென்று செய்த ஆம்ப்தான், ஆனாலும் ஒலிப்பதிவுக் கூடங்களில் இன்றும் அதைத் தேடுகிறார்கள். பொம்மை என்றவரிடம் இதைச் சொல்லுங்கள்.

இப்போது மலிவாக வருபவற்றில் 6வி6க்குப் பதில் பெரும்பாலும் ஈஎல்84 என்ற பவர் வால்வு. வால்வு சிறியது, விலையும் குறைவு. ஒலி கொஞ்சம் முன்னால் வந்து நிற்கும், மேல் சுரங்களில் பளபளப்பு இருக்கும். வாக்ஸ் ஏசி15, ஏசி30 ஆம்ப்களில் எல்லாம் இந்த வால்வுதான்.

கோவை_ஆறுகம்பி

ஐயா, மிக்க நன்றி. அப்படியானால் 5 வாட் போதுமா? டிரம்ஸ் நண்பன் கை கொஞ்சம் கனம்.

மேடைப்பின்னால்

மேடை ஒலியமைப்பு என் தொழில், அதனால் டிரம்ஸ் பக்கத்தை நான் சொல்கிறேன். கனத்த கை டிரம்ஸோடு 5 வாட் கேட்கும். ஆனால் தெளிந்த ஒலியாகக் கேட்காது. எப்போதும் கரகரத்துக்கொண்டே இருக்கும். ப்ளூஸுக்கு அது போதும் என்றால் போதும். தெளிந்த ஒலி வேண்டுமென்றால் 15 வாட்டும் 12 அங்குல ஸ்பீக்கரும் குறைந்தபட்சம். ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர் (இரண்டு ஈஎல்84, 15 வாட், 12 அங்குலம்) உலகம் முழுவதும் சிறிய அரங்குகளில் ஓடுவதற்குக் காரணம் அந்தக் கூட்டுதான். அது புதிதாக உங்கள் வரம்புக்குள் வராது.

இன்னொன்றும் உண்டு. மேடையில் உங்கள் ஆம்ப் அரங்கத்துக்குக் கேட்க வேண்டியதில்லை. ஸ்பீக்கர் முன்னால் நான் மைக் வைப்பேன், மிச்சத்தைப் பெரிய ஸ்பீக்கர்கள் பார்த்துக்கொள்ளும். 5 வாட் கொண்டுவரும் கிட்டாரிஸ்டைக் கண்டால் எனக்கு நிம்மதி. 100 வாட் ஹெட்டை (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) தூக்கிக்கொண்டு வருபவரிடம்தான் ஒவ்வொரு பாட்டுக்கும் கெஞ்ச வேண்டியிருக்கிறது. பல மேடைகளில் வாடகைக்கு நிற்பது எப்படியும் ரோலண்ட் ஜேசி-120தான். 1975இல் வந்த டிரான்சிஸ்டர் ஆம்ப் அது. ட்யூப் ஒன்றுகூடக் கிடையாது, யாரும் குறை சொன்னதில்லை.

நள்ளிரவு_ரிஃப்

கடைசி வரியை ஐயா இரண்டு முறை படிக்கவும்.

வால்வுதாத்தா

படித்தேன். ஜேசி-120 அருமையான கருவி. அதில் கிட்டாரை நேராகச் செருகி, வால்யூமை ஏற்றி, ஓர் ஓவர்டிரைவ் ஒலி (அந்தக் கரகரப்பு) எடுத்துக் காட்டுங்கள், நான் வால்வு பேசுவதை நிறுத்திவிடுகிறேன்.

கோவை_ஆறுகம்பி

சண்டை வேண்டாம். வேறொரு சந்தேகம். டிசம்பரில் மாமா நியூ ஜெர்சியிலிருந்து வருகிறார். அங்கே பழைய 15 வாட் காம்போ (ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) ஒன்று இங்குள்ள விலையில் பாதிக்குக் கிடைக்கிறது. பெட்டியோடு கொண்டுவரச் சொல்லலாமா?

பனிக்கால_கிற்றார்

தம்பி, கொஞ்சம் பொறுங்கள். நான் யாழ்ப்பாணம், இப்போது ரொறன்ரோ. இதே ஆசையில் நானே ஒரு அம்ப்பை ஊருக்குக் கொண்டுபோனேன். பெயர் சொல்லவில்லை, பிழை அம்ப்பில் இல்லை, என்னில். வட அமெரிக்காவில் 120 வோல்ற், 60 ஹேட்ஸ். இலங்கையிலும் இந்தியாவிலும் 230 வோல்ற், 50 ஹேட்ஸ். ஸ்ரெப்-டவுன் டிரான்ஸ்ஃபோமர் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். இரண்டாம் நாள் மச்சான், “இது எதற்கு நடுவில்?” என்று அதைக் கழற்றிவிட்டு நேராகச் சுவரில் செருகினான். ஒரு ‘டப்’. பிறகு ஒரு வாசனை. அந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

கழற்றாமலே இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. ஸ்ரெப்-டவுன் வோல்ற்றை மாற்றும், ஹேட்ஸை மாற்றாது. 60க்கு மட்டும் செய்த டிரான்ஸ்ஃபோமரை 50இல் ஓட்டினால் சூடு கூடும். பின்பக்கத் தகட்டில் 50/60 என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சில அம்ப்களில் 120/230 மாற்றும் சுவிட்ச் இருக்கும், அப்படியானால் யோசிக்கலாம். பதினைந்து கிலோவுக்கு விமானப் பொதிக் கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள், பாதி விலை முக்கால் விலையாகிவிடும். வால்வுகளைக் கழற்றி உடுப்புக்குள் சுற்றிக் கொண்டுவர வேண்டியதும் உங்கள் மாமாதான்.

கோவை_ஆறுகம்பி

மாமாவிடம் சாக்லேட் போதும் என்று சொல்லிவிட்டேன்.

கிறுக்கல்விரல்

எல்லாரும் வாட், வால்வு என்கிறீர்கள், ஸ்பீக்கரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. காதுக்கு வருவது அதிலிருந்துதான். மலிவான ட்யூப் ஆம்ப்களில் காசைக் குறைப்பதே முதலில் அங்குதான்: சின்னப் பெட்டி, 8 அங்குலம்.

ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உணர்திறன் என்று ஓர் எண் கொடுப்பார்கள், ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்த டெசிபல். செலஸ்டியன் கிரீன்பேக் 12 அங்குலத்துக்கு அது 98. உங்கள் காம்போவில் வருகிற 8 அங்குலத்துக்கு 93 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 5 டெசிபல். வால்வுதாத்தா மேலே போட்ட கணக்குப்படி, அது 5 வாட்டிலிருந்து 15 வாட்டுக்குப் போவதைவிடக் கொஞ்சம் கூடுதல். அதே 5 வாட் ஆம்ப், வேறு பெட்டி. அவ்வளவுதான் செலவு.

சத்தம் மட்டுமில்லை. 8 அங்குலப் பெட்டியில் கீழ்க்கம்பிகள் அட்டைப் பெட்டியைத் தட்டுவதுபோல் இருக்கும். 12 அங்குலத்தில் அதே ஆம்ப்பைக் கேட்டால் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டதுபோல் தோன்றும். என் யோசனை: வெளி ஸ்பீக்கருக்குத் துளை இருக்கும் 5 வாட் ஆம்ப் ஒன்றைப் பழையதாக வாங்குங்கள், மிச்சத்தில் ஒரு 12 அங்குலக் கேபினெட் (ஸ்பீக்கர் மட்டும் உள்ள பெட்டி). பெட்டியை உங்கள் தெருத் தச்சரே செய்துவிடுவார்.

வால்வுதாத்தா

கிறுக்கல்விரல் சொன்னதை நான் சொல்லியிருக்க வேண்டும். மறந்துவிட்டேன், வயது.

ஆனால் கேபினெட் என்று வந்துவிட்டதால் இதைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்: ஸ்பீக்கர் இணைக்காமல் ட்யூப் ஆம்ப்பை வாசிக்கக் கூடாது. டிரான்சிஸ்டர் ஆம்ப் பொறுத்துக்கொள்ளும், இது பொறுக்காது. சுமை இல்லாதபோது, வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி உள்ளே கருகிவிடும். ஆம்ப்பிலேயே விலை கூடிய உறுப்புகளில் அது ஒன்று. ஓமும் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) பொருந்த வேண்டும், 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் 8 ஓம் துளை. கேபிள் ஸ்பீக்கர் கேபிளாக இருக்க வேண்டும், கிட்டார் கேபிள் இல்லை. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், அதுதான் ஆபத்து.

பழையதை வாங்கப் போகும்போது ஒரு பென்சில் கொண்டுபோங்கள். ஆம்ப் ஓடும்போது அதன் ரப்பர் முனையால் ஒவ்வொரு வால்வையும் மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் மணி அடித்தால் அந்த வால்வு மைக்ரோஃபோனிக் ஆகிவிட்டது, அதாவது அதிர்வையே ஒலியாக்குகிறது. விலையில் கழித்துக்கொள்ளலாம், அதற்காக ஆம்ப்பை ஒதுக்க வேண்டாம். ஆனால் மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். எனக்கு ஒருமுறை அடித்து, உட்கார்ந்திருந்த பெஞ்சோடு பின்னால் விழுந்தேன்.

நள்ளிரவு_ரிஃப்

கட்டானாவில் இந்த வசதி இல்லை.

வால்வுதாத்தா

:)

கோவை_ஆறுகம்பி

வால்வு போனால் இங்கே கிடைக்குமா? அடிக்கடி மாற்ற வேண்டுமா?

வால்வுதாத்தா

வீட்டில் வாசிப்பவருக்குப் பவர் வால்வு சில ஆண்டுகள் வரும். முன் வரிசை 12ஏஎக்ஸ்7 அதையும் தாண்டும். ஈஎல்84 ஒன்று மட்டும் இருக்கும் சிறிய ஆம்ப்களில் பெரும்பாலும் பயஸ் (வால்வில் சும்மா ஓடும் மின்னோட்டம்) அளந்து திருக வேண்டிய வேலை இல்லை. பல்பு மாற்றுவதுபோல் பிடுங்கிச் செருகலாம், ஆறிய பிறகு.

இன்று உலகத்துக்கு வால்வு கொடுக்கும் பெரிய தொழிற்சாலைகள் மிகச் சில. ஸ்லோவாக்கியாவில் ஜேஜே, ரஷ்யாவில் சரடோவ் நகரத்துத் தொழிற்சாலை, பிறகு சீனா. எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ், சோவ்டெக், டங்-சோல் என்று வேறு வேறு பெயர் ஒட்டி விற்பவை ஒரே சரடோவ் கூரைக்குக் கீழிருந்து வருபவை. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியைத் தடுத்தபோது ஒரே வாரத்தில் எல்லாரும் வால்வுக்கு அலைந்தது அதனால்தான். ஆம்ப்போடு சேர்த்து ஒரு செட் வாங்கி வைத்துவிடுங்கள், பிறகு மறந்துவிடலாம்.

இந்தியாவிலும் இது ஒரு காலத்தில் இருந்தது என்று உங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரிவதில்லை. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961இல் ரேடியோ வால்வு தயாரிக்கத் தொடங்கியது. நான் ரேடியோ பழுது பார்க்கக் கற்றபோது கடை அலமாரி முழுவதும் பி.இ.எல். முத்திரை போட்ட அட்டைப் பெட்டிகள்தான். ஈசிசி83 என்று அதில் போட்டிருக்கும். அதுதான் அமெரிக்கக்காரன் 12ஏஎக்ஸ்7 என்பது, பெயர்தான் வேறு. ஈஎல்84ம் வந்தது. டிரான்சிஸ்டர் ரேடியோ வந்ததும் ஒவ்வொரு கடையிலும் அவற்றை மூட்டையாகக் கட்டிப் பழைய பொருள்காரரிடம் போட்டார்கள். இப்போது வெளிநாட்டில் அதைத் தேடி வாங்குகிறார்கள். பழைய ரேடியோ மெக்கானிக் யாராவது உங்கள் ஊரில் உயிரோடு இருந்தால் பரண்மேல் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கோவை_ஆறுகம்பி

நேற்று கடைக்குப் போய் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் முகம் இறுகியதைக் கண்டுகொள்ளவில்லை. குறிப்புகள்:

ப்ளூஸ் ஜூனியரை வரம்பு மீறியது என்று தெரிந்தும் ஒரு முறை தொட்டுப் பார்த்தேன். வால்யூம் மூன்றிலேயே கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒலி அழகு. என் வீட்டில் அதற்கு வேலை இல்லை.

புகேரா வி5. 5 வாட், 1 வாட், 0.1 வாட் என்று பின்னால் ஒரு சுவிட்ச். 5 வாட்டிலேயே என் பழைய 10 வாட் டிரான்சிஸ்டரைவிடச் சத்தம்! 0.1இல் பேசிக்கொண்டே வாசிக்கலாம், ஆனால் ஒலி மெலிந்து போகிறது. இது ஆம்ப்பின் குறையா, என் காதின் குறையா?

மார்ஷல் டிஎஸ்எல்5. இரண்டு சேனல். கரகரப்பு நிறைய, என் வாசிப்புக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

ரிஃப் தம்பிக்காகக் கட்டானாவும் வாசித்தேன். உண்மையைச் சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு கேட்ட என் நண்பனுக்கு எது எது என்று தெரியவில்லை. வாசித்த எனக்குத் தெரிந்தது.

மேடைப்பின்னால்

0.1 வாட்டில் மெலிவது உங்கள் காதுதான், எல்லார் காதும் அப்படித்தான். சத்தம் குறையும்போது மந்தரமும் உச்சமும் முதலில் காதிலிருந்து நழுவும், நடு சுரங்கள் மட்டும் நிற்கும். ஸ்பீக்கரும் அந்தச் சத்தத்தில் அசைவதில்லை. எந்த விலை ஆம்ப்பிலும் இதற்கு மருந்து கிடையாது.

நள்ளிரவு_ரிஃப்

“வாசித்த எனக்குத் தெரிந்தது.” சரி அண்ணா, இதோடு நான் விலகிக்கொள்கிறேன். நானும் கேட்பவன் காதை வைத்தே பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் இரவு பதினோரு மணிக்கு வாசிக்கத் தோன்றினால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

கோவை_ஆறுகம்பி

அதற்குப் பழைய டிரான்சிஸ்டர் இருக்கிறது. ஹெட்ஃபோன் துளையும் இருக்கிறது. விற்கப் போவதில்லை.

*(மூன்று வாரங்களுக்குப் பிறகு)*

கோவை_ஆறுகம்பி

வாங்கிவிட்டேன். பெங்களூரில் ஒருவரிடம் பழைய எபிஃபோன் வால்வ் ஜூனியர் ஹெட். ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு ஈஎல்84, முன்னால் ஒரே ஒரு திருகு. பின்னால் 4, 8, 16 ஓம் மூன்று துளைகளும் இருக்கின்றன. பென்சில் கொண்டுபோனேன், தட்டியபோது விற்றவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மணி அடிக்கவில்லை. 12 அங்குல ஸ்பீக்கர், ஒரு செட் வால்வு, தச்சருக்குப் பிளைவுட் பெட்டிக்கூலி எல்லாம் சேர்த்தும் 40,000க்குள் முடிந்தது.

கிறுக்கல்விரல் சொன்ன அந்த ஜன்னல் திறந்தது. ஆனால் ஒரு சிக்கல். வாசிக்காதபோது ஓர் உறுமல். பழைய ஆம்ப்பில் இவ்வளவு இல்லை. கிட்டார் கம்பியைத் தொட்டால் விரலில் மெல்லிய சுருக்கென்ற உணர்வும் வருகிறது. ஏமாந்துவிட்டேனா?

வால்வுதாத்தா

முதலில் வாசிப்பதை நிறுத்துங்கள். சுருக்கென்பது விளையாட்டில்லை.

பிறகு ஒரு கேள்வி. அந்த உறுமல் எந்தச் சுரம்? கிட்டாரில் தேடிச் சொல்லுங்கள். கிட்டாரை ஆம்ப்பில் செருகாமல்.

கோவை_ஆறுகம்பி

ஆறாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட் ஜி. இல்லை, அதற்கு ஒரு ஸ்தாயி கீழே. கேபிளை ஆம்ப்பிலிருந்து பிடுங்கினால் உறுமல் நின்றுவிடுகிறது.

வால்வுதாத்தா

நல்ல காது. அந்த ஃப்ரெட்டில் வரும் ஜி 98 ஹெர்ட்ஸ். கண்டென்சர் வறண்டுபோயிருந்தால் உறுமல் 100 ஹெர்ட்ஸில், ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். ஒரு ஸ்தாயி கீழே என்றால் 50, அதாவது சுவர் மின்சாரம் அப்படியே வருகிறது. கேபிளைப் பிடுங்கினால் நிற்பதால் ஆம்ப் உள்ளே பிழை இல்லை. சுருக்கென்ற உணர்வையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது: உங்கள் பிளக் பாயிண்டில் எர்த் இல்லை. மூன்று துளை இருப்பதால் மூன்றிலும் கம்பி இருக்கிறது என்று நம்பாதீர்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இன்வெர்ட்டரில் ஓட்டுகிறீர்களா? சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் அது தனியாக ஓர் இரைச்சல் கொடுக்கும்.

பனிக்கால_கிற்றார்

ஐயா, இங்கே 60 ஹேட்ஸ் என்பதால் எங்கள் உறுமல் பி சுரத்துக்குக் கிட்ட நிற்கும். ஊரில் ஜி, ரொறன்ரோவில் பி. இருபது வருடமாக இங்கே ஏதோ ஒன்று குறைகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குறையவில்லை, ஒன்றரை முழுச்சுரத்துக்குக் கொஞ்சம் மேலே கூடியிருக்கிறது.

கோவை_ஆறுகம்பி

எலெக்ட்ரீஷியன் வந்து டெஸ்ட் லேம்ப்பை வைத்தார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் எரிந்தது, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் எரியவில்லை. சுவரைத் திறந்தால் பச்சைக் கம்பி பெட்டிக்குள் சுருண்டு எதிலும் சேராமல் கிடந்தது. வீடு கட்டிய நாளிலிருந்து அப்படித்தான் இருந்திருக்கும். ஃப்ரிட்ஜ் பாயிண்டும் அதேதான். இரண்டையும் சரி செய்தார். சுருக்கென்பது போய்விட்டது. உறுமலில் ஒற்றைச் சுருள் பிக்கப்பின் வழக்கமான கொஞ்சம் மட்டும் மிச்சம், கிட்டார் கம்பியைத் தொட்டால் அதுவும் அடங்குகிறது.

ஞாயிறு டிரம்ஸோடு வாசித்தோம். திருகு முக்கால்வாசி. மேடைப்பின்னால் சொன்னதுபோல் தெளிந்த ஒலி கிடைக்கவில்லை, எனக்குத் தேவையும் படவில்லை. கீழ்வீட்டுப் பாட்டி படிக்கட்டில் பார்த்து, “ரேடியோ புதிதா?” என்று கேட்டார்.

ஐயா, ஒரு சின்னச் சந்தேகம். தச்சர் பெட்டியின் பின்பக்கத்தைப் பாதி திறந்தே விட்டிருக்கிறார். முழுவதும் மூடினால் கீழ்க்கம்பிகள் இன்னும் கெட்டியாகுமா?

நள்ளிரவு_ரிஃப்

தொடங்கிவிட்டது.

வால்வுதாத்தா

ஆகும். ஆனால் அதற்குத் தனி இழை திறங்கள், தம்பி. நான் காப்பி போட்டுக்கொண்டு வருகிறேன்.